எழுதப்படாத இரண்டு தீர்ப்புகள்

ஒரு நீதிபதியை விசாரிக்காமலே சுட்டுக் கொன்றார்கள். இன்னொருவரை விசாரிக்காமலே விடுவித்தார்கள். இருவரும் பிலிப்பைன்ஸ்காரர்கள். இருவருக்கும் பெயர் ஹோசே. ஒரே அமைச்சரவையிலிருந்து ஒரே நாளில் பதவி விலகியவர்கள். பிறகு ஒரே உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்து ஒரே வழக்கில் எழுதியவர்கள். ஹோசே அபாத் சாந்தோஸ் 1942 மே மாதத் தொடக்கத்தில், மிந்தனாவோ தீவின் மலபாங் என்ற ஊரில் ஜப்பானியச் சிப்பாய்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவர் நாட்டின் தலைமை நீதிபதி. ஹோசே லாரெல் அதே ஜப்பானியர்களின் ஆட்சிக்காலத்தில் ஜனாதிபதியாக இருந்தார்; போர் முடிந்தபின் 132 தேசத்துரோகக் குற்றச்சாட்டுகளுக்கு ஆளாகி, 1948 ஜனவரியில் பொது மன்னிப்பில் வழக்கிலிருந்து விடுபட்டார். இந்த இருவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒருவர் தியாகி, மற்றவர் துரோகி என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கொஞ்சம் பெருந்தன்மை உள்ளவர்கள், அவரவர் வழியில் இருவருமே நாட்டுக்கு உழைத்தார்கள் என்று சமாதானம் சொல்கிறார்கள். இரண்டுமே என் மனதுக்கு ஒப்பவில்லை. நெடுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருப்பது வேறு. பிறருடைய வழக்குகளில் இரு தரப்பையும் கேட்டு, காரணம் சொல்லி, முடிவு எழுதிக் கையொப்பமிட்ட இரண்டு பேருக்கு, அவர்களுடைய ஆகப் பெரிய வழக்கில் அது கிடைக்கவே இல்லை. கொல்லப்பட்டவருக்குக் கிடைக்காமல் போனது அநியாயம் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. மன்னிக்கப்பட்டவருக்குக் கிடைக்காமல் போனதும் அநியாயம்தானா என்ற இடத்தில்தான் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறேன்.

இருவரையும் ஒரே தாளில் பார்க்கக் கிடைக்கிற வழக்கு 1936 ஜூலையில் வருகிறது. காமன்வெல்த் அரசு பிறந்து எட்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. பத்து ஆண்டு இடைக்காலம், அது கழிந்ததும் முழு விடுதலை என்று அமெரிக்கா சட்டம் செய்து கொடுத்திருந்த காலம். தயாபாஸ் மாகாணத்தின் முதல் தொகுதியில் 1935 செப்டம்பர் தேர்தலில் ஹோசே அங்காரா என்பவர் வென்றார். டிசம்பர் 3-ஆம் தேதி தேசிய சட்டசபை தீர்மானம் போட்டு, எதிர்ப்பு வராத வெற்றிகளை உறுதிசெய்துவிட்டது. தோற்றவரான பெட்ரோ இன்சுவா டிசம்பர் 8-ஆம் தேதி தேர்தல் ஆணையத்திடம் மனுக் கொடுத்தார். மனுக் கொடுக்க 9-ஆம் தேதி வரை அவகாசம் உண்டு என்று ஆணையம் முடிவெடுத்தது. சபை முடித்துவைத்த ஒன்றை ஆணையம் மறுபடி எடுத்து விசாரிக்கலாமா என்று அங்காரா நீதிமன்றத்துக்குப் போனார். ஒரு தொகுதி, ஐந்தாறு நாள் வித்தியாசம், அவ்வளவுதான் விஷயம். அதிலிருந்து லாரெல் எழுதிய தீர்ப்பு அந்த நாட்டின் அரசியல் சட்டத்துக்கே அடித்தளமாகிவிட்டது. அரசின் உறுப்புகளுக்குள் எல்லைத் தகராறு வரும்போது எல்லை எது என்று சொல்லும் கடமை நீதிமன்றத்துடையது. அப்படிச் சொல்வதால் நீதிமன்றம் மற்ற உறுப்புகளைவிட உயர்ந்ததாகிவிடாது, உயர்ந்தது அரசியல் சட்டம் மட்டுமே என்று அதில் அவர் நிறுவுகிறார். அங்காராவின் மனு தள்ளுபடியானது. அதன் கீழே அபாத் சாந்தோஸின் தனிக் குறிப்பு இருக்கிறது. முடிவோடு உடன்படுகிறேன், பெரும்பாலான கருத்துகளோடும் உடன்படுகிறேன், ஆனால் சிலவற்றுக்கு என்னால் சம்மதம் தர இயலவில்லை என்று தொடங்கி, ஆணையத்தின் அதிகாரம் நீதி வழங்கும் தன்மையுடையது என்று தன் வழியில் காரணம் சொல்லிப் போகிறார். ஜெயித்த பக்கத்திலேயே இருந்துகொண்டு, அங்கேயும் தனக்கு ஒப்பாததை ஒப்பாது என்று பதிவு செய்யும் குணம் அது. லாரெலின் எழுத்தில் வரலாறும் தத்துவமும் அகன்று ஓடும். படிக்கிறவரை இழுத்துக்கொண்டு போகும். அபாத் சாந்தோஸ் தேவையான இடத்தோடு நிறுத்திக்கொள்கிறவர். ஆறு ஆண்டு கழித்து அவர் செபுவில் பிடிபட்டபோது செய்தது அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஒரு மனிதனின் சாவைத் தெரிந்துவைத்துக்கொண்டு அவனுடைய பழைய எழுத்தில் அதற்கு அறிகுறி தேடுவது நியாயமான வாசிப்பா என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

அபாத் சாந்தோஸ் 1886-இல் பம்பாங்கா மாகாணத்தின் சான் ஃபெர்னாண்டோவில் பிறந்தவர். கரும்பும் குத்தகையும் நிறைந்த ஊர். 1904-இல் அரசு உதவித்தொகையில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட இளைஞர்களில் அவரும் ஒருவர். நார்த்வெஸ்டர்னில் சட்டப் பட்டமும், 1909-இல் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மேற்பட்டமும் பெற்றார். 1911-இல் வழக்கறிஞரானார். பிறகு நீதித் துறை அலுவலகம், தேசிய வங்கி, மணிலா ரயில்வே என்று சட்ட ஆலோசகர் வேலைகள். இதெல்லாம் எந்தக் காலனி நாட்டிலும் ஒரு கெட்டிக்கார வழக்கறிஞருக்கு அமைகிற பாதை. அதில் நான் நிற்க விரும்பவில்லை. நிற்க வைப்பவர் அவருடைய அண்ணன் பெட்ரோ. அமெரிக்கரை எதிர்த்துக் காட்டுப் போர் நடத்தியதற்காக அமெரிக்க ராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. பிறகு அது குறைக்கப்பட்டு, மன்னிப்பும் கிடைத்தது. வெளியே வந்த பெட்ரோவும் வழக்கறிஞரானார். ஆனால் பம்பாங்காவின் குத்தகை விவசாயிகளுக்காக வாதாடினார். சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கினார். 1938-இல் அது கம்யூனிஸ்ட் கட்சியோடு இணைந்தது. தம்பி உச்ச நீதிமன்றத்துக்கு வந்த அதே 1932-இன் அக்டோபரில் அந்த நீதிமன்றம் கம்யூனிஸ்ட் கட்சியைச் சட்டவிரோதமானது என்று அறிவித்தது. அண்ணனைத் தூக்குமேடைக்கு அனுப்பப் பார்த்த அரசு தம்பியைப் படிக்கவைத்தது. இதை வைத்துத் தம்பியை விலைபோனவர் என்று சொல்லிவிட முடியும், சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் இரண்டு பேருமே ஒரு விஷயத்தில் ஒன்றாக நின்றிருக்கிறார்கள்: 1942 ஜனவரியில் ஜப்பானியர் அண்ணனைப் பிடித்துச் சாந்தியாகோ கோட்டையில் அடைத்தார்கள். அவரையும் வளைக்க முடியவில்லை. உடல் நலிந்து 1945 ஜனவரியில் இறந்தார்.

லாரெலின் வீட்டிலும் இதே காயம் உண்டு. 1899-இல் மலோலோஸ் அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் அவருடைய தந்தை சோதெரோ. அமெரிக்கர்களின் தடுப்பு முகாமில் இருக்கும்போது இறந்தார். 1891-இல் படாங்காஸ் மாகாணத்தின் தனவான் ஊரில் பிறந்த மகன் பிறகு அதே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சட்ட முனைவர் ஆனார். ஆகவே இந்த இருவரில் ஒருவர் அமெரிக்க விசுவாசி, மற்றவர் அமெரிக்க வெறுப்பாளர் என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. இருவருமே தங்கள் குடும்பத்தை அடித்தவனிடம் சட்டம் படித்தவர்கள். அந்தச் சட்டத்தை உண்மையாகவே நேசித்தவர்கள். இந்த நேசம் எப்படி வருகிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். துப்பாக்கியோடு வந்தவன் புத்தகத்தையும் கொண்டுவந்தான். புத்தகத்தில், ஆளுகிறவனும் கட்டுப்பட வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரியை அவன் மீதே திருப்பலாம் என்று புத்திசாலிப் பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். 1923-இல் திருப்பியும் காட்டினார்கள். ரே கான்லி என்ற அமெரிக்கத் துப்பறியும் போலீஸ்காரர் மணிலாவில் சூதாட்டக்காரர்களிடம் லஞ்சம் வாங்கியதாகக் குற்றச்சாட்டு வந்தது. உள்துறைச் செயலர் லாரெல் அவரை இடைநீக்கம் செய்தார். நீதிமன்றத்தில் கான்லி விடுவிக்கப்பட்டதும் தலைமை ஆளுநர் லெனர்ட் வுட் அவரை மறுபடி வேலையில் அமர்த்தச் சொன்னார். ஜூலை 17-ஆம் தேதி பிலிப்பைன்ஸ் செயலர்கள் அத்தனை பேரும் பதவி விலகினார்கள். நீதித் துறைச் செயலராக இருந்த அபாத் சாந்தோஸும் அவர்களில் ஒருவர். ஒரு போலீஸ்காரனுக்காக அரசாங்கமே கலைந்தது என்று தோன்றும். யார் சொல்வது இந்நாட்டில் செல்லும் என்பதுதான் உண்மையான வழக்கு. இதில் ஓர் இடம் எனக்கு இன்னும் நெருடுகிறது. நீதிமன்றம் விடுவித்த ஒருவரை வைத்துத்தான் இந்தப் போராட்டம் நடந்தது. தீர்ப்பைவிடத் தன்னாட்சி பெரிது என்று அன்று இரண்டு சட்ட அறிஞர்களும் நினைத்தார்கள்.

அபாத் சாந்தோஸின் பதவி வரிசையைப் படிக்கும்போது இன்றைய கண்ணுக்கு ஒரு சங்கடம் வரும். 1922-இல் நீதித் துறைச் செயலர், 1923-இல் விலகல், 1928-இல் மறுபடி செயலர், 1932-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி, 1938-இல் மறுபடியும் செயலர், பிறகு மறுபடியும் நீதிபதி, 1941 டிசம்பர் 24-இல் தலைமை நீதிபதி. அமைச்சரவைக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே இப்படிப் போய்வந்த ஒருவரிடம் நீதித்துறைச் சுதந்திரத்தை எப்படி எதிர்பார்ப்பது? ஜனாதிபதி கேசோன் கூப்பிட்டால் அங்கே, அனுப்பினால் இங்கே. எனக்கும் இது பிடிக்கவில்லை. ஆனால் அரசாங்கக் காரைக் குடும்பத்தார் பயன்படுத்தக் கூடாது என்று வீட்டில் கறாராக இருந்தவர் என்று அவரை அறிந்தவர்கள் விடாமல் சொல்லிவந்திருக்கிறார்கள். சின்ன விஷயம்தான். பதவியும் தானும் ஒன்றல்ல என்று ஒருவர் தனக்குத்தானே நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தால்தான் இந்த மாதிரிச் சின்ன விஷயத்தில் அது வெளிப்படும். நாற்காலி மாறிக்கொண்டே இருந்த மனிதருக்கு, மாறாமல் வைத்துக்கொள்ள ஏதோ ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. அது அவர் எடுத்துக்கொண்ட பிரமாணமாக இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

லாரெலுக்குத் தீர்ப்பு என்றால் என்ன என்பது அபாத் சாந்தோஸைவிட நன்றாகத் தெரியும். ஏனென்றால் அவர் குற்றவாளிக் கூண்டிலிருந்து வந்தவர். 1909 டிசம்பரில், பதினெட்டு வயதில், ஒரு பெண்ணை முன்னிட்டு வந்த சண்டையில் இன்னோர் இளைஞனைக் கத்தியால் குத்தினார். கீழ் நீதிமன்றம் கொலை முயற்சிக்குத் தண்டனை விதித்தது. 1912-இல் உச்ச நீதிமன்றம் அது தற்காப்பு என்று ஏற்று விடுதலை செய்தது. சட்டக் கல்லூரிப் பட்டம் அதற்குப் பிறகு 1915-இல்தான். 1940 அக்டோபரில் அவர் முன்னால் இன்னொரு இளைஞன் வந்தான்: தந்தையைத் தேர்தலில் தோற்கடித்தவரான ஹூலியோ நலுந்தாசனைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ஃபெர்டினாண்ட் மார்கோஸ். வழக்கறிஞர் தேர்வில் முதலிடம் பெற்றவன், தன் வழக்கைத் தானே வாதாடினான். அரசுத் தரப்புச் சாட்சியை நம்ப முடியாது என்று விடுதலைத் தீர்ப்பை எழுதியவர் லாரெல். தன் இளமையை அந்தப் பையனிடம் அவர் பார்த்திருப்பார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பிற்காலத்தில் மார்கோஸ் அந்த நாட்டை என்ன செய்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து அந்தத் தீர்ப்பைக் குறைசொல்ல நான் தயாரில்லை. சாட்சியம் போதாது என்றால் விடுதலைதான். விடுதலையானவன் இருபத்தைந்து ஆண்டு கழித்து என்ன ஆவான் என்று பார்த்து எழுதுவதற்குப் பெயர் தீர்ப்பு அல்ல. அதே ஆண்டு பிப்ரவரியில் அவர் எழுதிய ‘ஆங் திபாய்’ தீர்ப்பைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். மணிலாவில் ஒரு காலணித் தொழிற்சாலை. தோல் தட்டுப்பாடு என்று சொல்லித் தேசியத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்தவர்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தட்டுப்பாடு பொய், சுங்க இலாகாப் பதிவேடுகளையும் உள்ளூர்த் தோல் வியாபாரிகளின் கணக்குப் புத்தகங்களையும் பார்த்தால் தெரியும் என்றது சங்கம். மறுவிசாரணைக்கு உத்தரவிட்ட லாரெல், தொழில் தகராறு மன்றம்கூட விட்டுவிடக் கூடாத ஏழு அடிப்படை உரிமைகளை அங்கே வரிசைப்படுத்தினார். தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும். கொடுத்த சாட்சியத்தைப் பார்க்கவேண்டும். முடிவுக்கு ஆதாரம் இருக்கவேண்டும். போதுமான ஆதாரமாக இருக்கவேண்டும். விசாரணையில் வைக்கப்பட்டதாக இருக்கவேண்டும். நீதிபதி சொந்த அறிவால் எடைபோட வேண்டும். கடைசியாக, தகராறு எது, முடிவுக்குக் காரணம் எது என்று சம்பந்தப்பட்டவருக்கு விளங்கும்படி எழுதித் தரவேண்டும். வேலை போன செருப்புத் தொழிலாளிக்கு இந்த ஏழும் வேண்டும் என்றவர் அவர்.

1941 டிசம்பர் 24. ஜப்பானியப் படைகள் மணிலாவை நெருங்கிக்கொண்டிருந்தன. கேசோன் மயோன் என்ற கப்பலில் கொரெஹிடோர் தீவுக்குப் புறப்பட்டார். அபாத் சாந்தோஸைத் தலைமை நீதிபதியாக்கித் தன்னோடு அழைத்துப்போனார். லாரெலை மணிலாவில் விட்டுப்போனார். தன்னையும் கூட்டிப் போகும்படி தான் கேட்டதாகவும், மக்களைக் காக்க யாராவது இங்கே இருந்தாக வேண்டும் என்று கேசோன் சொல்லிவிட்டதாகவும் லாரெல் தன் போர்க்கால நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஒரு படகில் யார் ஏறுவது, யார் கரையில் நிற்பது என்பதை மூன்றாவது ஒரு மனிதர் தீர்மானித்ததில்தான் இருவரின் கதையும் பிரிந்தது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அது முழுவதும் சரியல்ல. டிசம்பர் 30-ஆம் தேதி கொரெஹிடோரில் மலிந்தா சுரங்கத்துக்கு வெளியே கேசோனுக்கு இரண்டாம் பதவிக்காலப் பிரமாணம் செய்துவைத்தவர் அபாத் சாந்தோஸ். பிப்ரவரியில் அங்கிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் விசாயன் தீவுகளுக்கு வந்தார்கள். கேசோன் நாட்டைவிட்டு வெளியேற முடிவுசெய்தபோது, கூட வருகிறாயா, இருக்கிறாயா என்ற கேள்வி இவரிடமும் வைக்கப்பட்டது. இருக்கிறேன் என்றார். மார்ச் 17-ஆம் தேதியிட்ட கடிதத்தில் தன் அதிகாரங்களை அவரிடம் ஒப்படைத்துவிட்டு ஜனாதிபதி போனார். ஆகவே அபாத் சாந்தோஸுக்கும் கரையில் நிற்கும் நேரம் வந்தது. அதை அவரே தேர்ந்துகொண்டார்.

ஏப்ரல் 10-ஆம் தேதி ஜப்பானியர் செபுவில் இறங்கினார்கள். மறுநாள் கார்காரில் அவரும் மகன் பெபிட்டோவும் பிடிபட்டார்கள். தான் யார் என்பதை அவர் மறைக்கவில்லை. ஒத்துழைக்கச் சொன்னார்கள், மிந்தனாவோவில் இருந்த, பின்னாளில் ஜனாதிபதியான மானுவெல் ரோஹாஸோடு தொடர்பு ஏற்படுத்திக் கொடுக்கச் சொன்னார்கள். மறுத்தார். அமெரிக்காவுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று பிரமாணம் எடுத்திருக்கிறேன், அதை மீற முடியாது என்பது அவர் சொன்ன காரணம் என்று பதிவாகியிருக்கிறது. இந்தக் காரணத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ தடுக்கிவிழுகிறது. என் நாடு, என் மக்கள் என்று அவர் சொல்லியிருந்தால் நமக்கு எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்! அண்ணனுக்கு மரண தண்டனை எழுதிய நாட்டுக்குக் கொடுத்த வாக்கு அது. காமன்வெல்த் அதிகாரிகள் எல்லோரும் அமெரிக்காவின் மேலாண்மையை ஏற்றுப் பிரமாணம் எடுக்கவேண்டும் என்று சட்டமே இருந்தது. 1946 ஜூலை 4-ஆம் தேதி விடுதலை வந்தால் அந்தப் பிரமாணம் தானாகவே முடிந்துபோயிருக்கும்; நான்கு ஆண்டுதான் மிச்சம். ஓர் ஆக்கிரமிப்பாளனுக்குக் கொடுத்த வாக்குக்காக இன்னோர் ஆக்கிரமிப்பாளனிடம் உயிரைக் கொடுப்பதா? வெகுகாலம் இதை அவருடைய பலவீனமாக, காலனியக் கல்வி கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டதாக நினைத்துப் பார்த்தேன். அந்த எண்ணம் நிலைக்கவில்லை. பிரமாணம் யாருக்கு என்பதை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. எந்தப் பிலிப்பைன்ஸ்காரரும் தேர்ந்தெடுக்கவில்லை. எடுத்த பிரமாணத்தை எதிரில் துப்பாக்கி நிற்கும்போது கைவிடுவதா என்பது மட்டும்தான் அவர் கையில் இருந்தது. அந்த ஒன்றில் அவர் முழுச் சுதந்திரத்தோடு நடந்துகொண்டார். தந்தையையும் மகனையும் மிந்தனாவோவுக்குக் கொண்டுபோனார்கள். பராங், பிறகு மலபாங். மணிலாத் தலைமையகத்திலிருந்து கொல்லும்படி உத்தரவு வந்தது. ஜப்பானியத் தளபதி கவாகுச்சி அதற்கு எதிர்ப்புத் தெரிவித்தார் என்றும் வரலாற்றில் இருக்கிறது. வழக்கு என்று ஒன்று நடக்கவில்லை. மகனை அழைத்துச் சொன்னார்கள். அழுத மகனிடம், அழாதே, நீ தைரியமானவன் என்று இவர்களுக்குக் காட்டு, நாட்டுக்காகச் சாகும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது என்ற பொருளில் அவர் பேசினார் என்று உயிர்பிழைத்த மகன் பிற்பாடு சொன்னார். நாடு என்ற சொல் அங்கேதான் வருகிறது. எதிரியிடம் பேசும்போது பிரமாணம். பிள்ளையிடம் பேசும்போது நாடு. போர் முடிந்தபின் தேடியும் உடல் கிடைக்கவில்லை. கவாகுச்சி போர்க்குற்றவாளியாக விசாரிக்கப்பட்டு, தண்டனை பெற்று, 1953 வரை சிறையில் இருந்தார். கொல்லப்பட்டவருக்குக் கிடைக்காத விசாரணை அந்தத் தளபதிக்குக் கிடைத்தது. கிடைத்ததும் சரியே.

மணிலாவில் லாரெல் முதலில் நீதி ஆணையராகவும் பிறகு உள்துறை ஆணையராகவும் இருந்தார். 1943 ஜூனில் கோல்ஃப் மைதானம் ஒன்றில் அவரைச் சுட்டார்கள், பிழைத்தார். அக்டோபர் 14-ஆம் தேதி ஜப்பானியர் அமைத்துக் கொடுத்த குடியரசின் ஜனாதிபதியானார். 1944 செப்டம்பரில் அமெரிக்காவோடும் பிரிட்டனோடும் போர்நிலை இருப்பதாக அறிவித்தார். ஆனால் ஒரு பிலிப்பைன்ஸ் இளைஞனைக்கூடக் கட்டாயமாகப் படைக்கு அனுப்பச் சம்மதிக்கவில்லை. அவருடைய ஆதரவாளர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தை அழுத்திச் சொல்வார்கள். எதிரிகள் அதற்கு முந்தைய வாக்கியத்தை. இரண்டும் ஒரே மனிதர் செய்தவை, இரண்டையும் சேர்த்து எடைபோட ஒரு தராசு வேண்டும். ஜப்பான் தோற்கும் தறுவாயில் அங்கே கொண்டுபோகப்பட்டு, தோற்றபின் அமெரிக்கர்களால் சுகாமோ சிறையில் அடைக்கப்பட்டார். எழுதத் தாள் இல்லாமல், கையிலிருந்த ஒரு புத்தகத்தின் வெற்றிடங்களில் தன் தரப்பை எழுதிக்கொண்டிருந்தார். இந்தக் காட்சி என்னை விட்டுப் போகவில்லை. அச்சடித்த வரிகளுக்கு இடையே, ஓரங்களில், தனக்காகத் தானே வாதாடும் முன்னாள் நீதிபதி. அது வாக்குமூலமா, மேல்முறையீடா, வெறும் ஆற்றாமையா? ஒன்று மட்டும் நிச்சயம்: யாரோ ஒரு நீதிபதி இதைப் படிப்பார் என்ற எண்ணம் இல்லாமல் அப்படி எழுத முடியாது.

படிக்கவேண்டிய நீதிமன்றம் போருக்குப் பின் மும்முரமாக வேலை செய்துகொண்டுதான் இருந்தது. 1945 செப்டம்பரில், ஜப்பானியர் காலத்து நீதிமன்றங்கள் எழுதிய தீர்ப்புகள் செல்லுமா என்ற வழக்கில், செல்லும் என்றது. ஆக்கிரமிப்பு நடந்தாலும் ஊரில் கடன், சொத்து, கல்யாணம் எல்லாம் நடந்துகொண்டுதானே இருந்தன. அவற்றையெல்லாம் இல்லை என்று ஆக்கிவிட முடியாது. ஆக, அந்தக் காலத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நீதிபதிகளின் வேலை வீணாகவில்லை. 1947 ஜனவரியில் இன்னொரு வழக்கு. அனஸ்தாசியோ லாரெல் என்பவர் (இவர் வேறு ஒருவர்) தேசத்துரோகக் குற்றச்சாட்டை எதிர்த்து, நாடு எதிரி கையில் இருந்தபோது குடிமகனின் விசுவாசமும் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்று வாதிட்டார். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆக்கிரமித்தவனுக்குக் குடிமகன் தற்காலிகமாகக் கீழ்ப்படிய வேண்டியிருக்கலாம், ஆனால் விசுவாசம் நிரந்தரமானது, அது ஒரு நாளும் நிற்பதில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் எழுதினார்கள்; மாற்றுக் கருத்தும் பதிவானது. ஐந்து ஆண்டுக்கு முன் கார்காருக்கும் மலபாங்குக்கும் இடையே கைதியாக இருந்த ஒருவர் தனியாக எடுத்த முடிவு இப்போது சட்டமாகிவிட்டது. கீழ்ப்படிதலுக்கும் விசுவாசத்துக்கும் நடுவே உள்ள கோடு எங்கே ஓடுகிறது? ரேஷன் அரிசி பங்கிட்ட குமாஸ்தா எந்தப் பக்கம், போர்நிலை அறிவித்த ஜனாதிபதி எந்தப் பக்கம்? அந்தக் கோட்டை ஓர் உண்மையான வாழ்க்கையின் மேல் வைத்து வரைந்துகாட்ட அந்த நாட்டுக்குக் கிடைத்த மிகச் சிறந்த வழக்கு ஹோசே லாரெலுடையது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வாதாடத் தெரியும். சாட்சிகள் உயிரோடு இருந்தார்கள். சட்டம் தயாராக இருந்தது.

அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் மானுவெல் ரோஹாஸ். அபாத் சாந்தோஸிடம் யாரோடு தொடர்பு ஏற்படுத்திக் கொடுக்கச் சொன்னார்களோ, அவர். பிறகு அவரும் மிந்தனாவோவில் பிடிபட்டார். அவரைக் கொல்லவும் உத்தரவு வந்தது. நோபுஹிகோ ஜிம்போ என்ற ஜப்பானிய அதிகாரி அதை நிறைவேற்றாமல் காப்பாற்றினார். பின்னர் லாரெலின் அரசில் அரிசி நிர்வாகத்திலும் ரோஹாஸ் இருந்தார். அவர்தான் 1948 ஜனவரி 28-ஆம் தேதி, அரசியல், பொருளாதார ஒத்துழைப்புக் குற்றங்களுக்குப் பொது மன்னிப்பு அறிவித்தார். லாரெல் வழக்கிலிருந்து விடுபட்டார். 1949-இல் ஜனாதிபதித் தேர்தலில் கிரினோவிடம் தோற்றார், 1951-இல் செனட் தேர்தலில் முதலிடத்தில் வென்றார், 1959-இல் இறந்தார். மக்கள் வாக்களித்து அவரை ஏற்றுக்கொண்டார்கள், அதுவே தீர்ப்பு என்று சொல்கிறவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு, உடன்பாடு இல்லை. தேர்தலில் காரணம் எழுதித் தருவதில்லை. மன்னிப்பும் காரணம் கேட்பதில்லை. குற்றம் நடந்ததா இல்லையா என்பதையே அது பேசாமல் விட்டுவிடுகிறது. லாரெல் குற்றமற்றவர் என்றால் அதைச் சொல்லும் ஒரு தாள் அவருக்கு வேண்டியிருந்தது. குற்றவாளி என்றால் அந்தக் காலத்தில் செத்தவர்களுக்கு வேண்டியிருந்தது. மன்னித்தால் நாடு ஒன்றுபடும் என்று ரோஹாஸ் நம்பியிருக்கலாம். போரில் நொறுங்கிய நாட்டில் ஆயிரக்கணக்கான வழக்குகளை நடத்துவது பெரும் பாரம் என்பதும் மெய்தான். அந்தப் பாரத்தை ஒப்புக்கொண்ட பிறகும் என் மனம் சமாதானமாகவில்லை.

1991-இல் வெளிவந்த ஆயிரம் பெசோ நோட்டில், போரில் உயிர்விட்ட மற்ற இருவரோடு அபாத் சாந்தோஸின் முகமும் அச்சாகியது. 2022-இல் வந்த பிளாஸ்டிக் நோட்டில் அந்த மூவருக்குப் பதிலாகக் கழுகு வந்தபோது எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நோட்டில் முகம் இருப்பதும் இல்லாமல் போவதும் அவருடைய வழக்கில் எதையும் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. அவரைப் பொறுத்தவரை 1947-இல் அவருடைய நீதிமன்றமே, அவர் பெயரைச் சொல்லாமல், அவர் செய்தது சரி என்று எழுதிவிட்டது. லாரெல் துரோகி என்று நான் சொல்லமாட்டேன். அதைச் சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை, கையில் விசாரணைக் குறிப்பும் இல்லை. ஆனால் அவருக்குத் தரப்பட்டது கருணை என்றும் சொல்லமாட்டேன். ஒரு செருப்புத் தொழிலாளிக்கு ஏழு உரிமைகளை எழுதி வைத்தவருக்கு அதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்த 132 குற்றச்சாட்டுகளும் விசாரிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு முடிவு எழுதப்பட்டிருக்க வேண்டும்.